ஜமீலா பீவியின் முதல் மவுத்து

என் உம்மா ஜமீலா பீவி இரண்டு தடவை மவுத்தானாள். முதல் சாவு 2023 டிசம்பர் 17, ஞாயிறு, மாலை 4.40. அது பொய். இரண்டாவது தடவை 2025 ஜூலை 10, வியாழன், காலை 9.10. அது உண்மை.

இரண்டு நேரமும் என் போனில் இருக்கின்றன. சென்னையில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஆறு, குளம், கால்வாய்களில் நீர்மட்டம் அளக்கும் கருவிகளைப் பொருத்துவோம். கருவி பதினைந்து நிமிடத்துக்கு ஒரு எண் அனுப்பும். அந்த எண்ணை நம்பலாமா கூடாதா என்று பார்ப்பது என் பொறுப்பு. எதற்கும் நேரம் குறித்து வைப்பது அங்கே வந்த பழக்கம்.

எங்கள் ஊர் கல்லடிப்பேட்டை. பாளையங்கோட்டையிலிருந்து கிழக்கே பஸ்ஸில் முக்கால் மணி நேரம், தாமிரபரணியின் தென்கரை. ஊரில் பாதி மேடு, பாதி பள்ளம். மேட்டில் மதரஸாவும் கபர்ஸ்தானும். பள்ளத்தில் பள்ளிவாசல், கீழத்தெரு, ஆத்துத்தெரு, செக்கடித்தெரு. மூன்று தெருவிலும் சேர்த்து நூற்று எண்பத்தாறு வீடுகள், பெரும்பாலும் ஓட்டு வீடுகள். செக்கடித்தெருவில் இந்துக்கள், மற்ற இரண்டிலும் நாங்கள். ஆண்களில் பாதிப் பேர் சவூதியிலும் துபாயிலும். பெண்கள் பீடி சுற்றுகிறார்கள்.

உம்மாவும் பீடி சுற்றினாள். வாப்பா நூர்முகம்மதுக்கு ரியாத்தில் தையல் வேலை. 2009-ல் மாரடைப்பு. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். உம்மாவுக்கு வந்தது ஒரு போன், பிறகு ஒரு பெட்டி. பெட்டியில் இரண்டு சட்டையும் அவருடைய அளவு நாடாவும் இருந்தன. அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை.

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தா நாட்கள் முடிந்த மறுநாள், பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் அலி அஸ்கர் மாமாவிடம் போய், ஊரில் இறக்கும் பெண்களின் மையத்துகளை இனி நான் குளிப்பாட்டுகிறேன் என்றாள். அதுவரை அதற்குப் பக்கத்து ஊரிலிருந்து ஆள் வர வேண்டும். நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. ஏன் இந்த வேலை என்று கேட்டேன்.

"ரியாத்துல யாரோ ஒருத்தர் உங்க வாப்பாவைக் குளிப்பாட்டியிருக்காரு. பேரு கூடத் தெரியாது. அவருக்கு நான் என்ன செய்ய முடியும்? இங்கன உள்ளவங்களுக்குச் செய்யுதேன்."

அதற்குப் பிறகு பதினைந்து வருடம். நடுவில் வந்த கொரோனா வருடங்களில் சொந்த மகள்களே வாசலில் நின்றபோதும் உள்ளே போனவள் அவள்தான். கூலி கிடையாது. முதலில் தண்ணீரைத் தன் மணிக்கட்டில் ஊற்றிப் பார்ப்பாள், சூடு சரியாக இருக்கிறதா என்று. பிறகு பைய ஆரம்பிப்பாள். செய்துகொண்டே பேசுவாள். "கையைத் தூக்குதேன் பிள்ளே." "இந்தப் பக்கம் சாயுங்க மாமி, அவ்வளவுதான்." ஒரு தடவை பார்த்திருக்கிறேன். உயிரோடு இருப்பவர்களிடம் அவள் அவ்வளவு மென்மையாகப் பேசியதில்லை.

அந்த வேலையில் அவளுக்கு வந்த ஒரே சண்டை அர்வா மாமியோடு.

அர்வா மாமியும் உம்மாவும் ஒரே வயது. ஒரே பீடி செட்டில் இருபது வருடம் பக்கத்தில் உட்கார்ந்து சுற்றியவர்கள். 2012 மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, அர்வா மாமியின் தாயார் மவுத்தானார். குளிப்பாட்டும் முன் நகைகளைக் கழற்ற வேண்டும். நாற்பது வருடமாகக் கழற்றாத மூக்குத்தி. திருகு இறுகிப்போய்த் திரும்பவில்லை. ஆசாரியைக் கூட்டி வரும்வரை பொறு என்றாள் அர்வா மாமி. ஜும்ஆ தொழுகைக்குள் அடக்கம் என்று ஏற்பாடு. வெயில். உம்மா எங்கள் வீட்டிலிருந்து என் கட்டிங் பிளையரை எடுத்து வரச் சொன்னாள். முதல் வருடம் கல்லூரியில் வாங்கச் சொன்னது அது. மூக்குத்தியின் தண்டை வெட்டினாள். மூக்கின் ஓரம் ஒரு நூல் அளவு கிழிந்தது.

அர்வா மாமி அதைப் பார்த்துவிட்டாள்.

"எங்க உம்மாவை அறுத்துட்டா. அல்லாஹ் மேல சத்தியமா, உன் மையத்துக்கு நான் வரமாட்டேன்." இதை அவள் தெருவில் நின்று சொன்னாள். மூன்று தெருவும் கேட்டது. பதினொரு வருடம் பேச்சில்லை. உம்மா அன்றிலிருந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் தன் மூக்குத்தியைக் கழற்றி, திருகுக்குத் தேங்காய் எண்ணெய் தொட்டுப் போடுவாள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

இனி அந்த ஞாயிறு.

சனிக்கிழமையே மழை பிடித்துவிட்டது. ஞாயிறு மதியம் ஆற்றின் மேல்பகுதியில் இருந்த மூன்று கருவிகளின் எண்களைப் பார்த்தேன். பழைய வெள்ளங்களின் பதிவோடு ஒப்பிட்டேன். ஒன்று ஐம்பதுக்கு ஊர் வாட்ஸப் குழுவில் எழுதினேன்: "இரவு ஏழு மணிக்குள் படித்துறைக்கு மேல் நாலு மீட்டர் தண்ணீர் வரலாம். மூன்று தெருவும் மேட்டுக்குப் போகவும்."

இருபத்து மூன்று கட்டைவிரல் வந்தது. ஒன்பது கும்பிடு. ஒரு ஆமீன். துபாயிலிருந்து ஒருவர், "தங்கச்சி, இது சென்னைக்கா நெல்லைக்கா?" என்று கேட்டார்.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு வருடம் முன்பும் இப்படித்தான் எச்சரிக்கை வந்தது. ஆறு ஐந்தாம் படியோடு நின்றுவிட்டது. தாலுகா ஆபீஸ் ஜீப் அந்த ஞாயிறும் மைக் கட்டிக்கொண்டு வந்து சொல்லிவிட்டுத்தான் போனது. பெண்கள் பீடி இலைக் கட்டுகளைப் பரணில் ஏற்றுவதில் மும்முரமாக இருந்தார்கள். இலை நனைந்தால் கம்பெனிக்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டரைக்கு உம்மா போன் செய்தாள்.

"ஏளா, நாலு மீட்டர்னு போட்டிருக்கியே. அது எவ்வளவு?"

"நம்ம வீட்டு ஜன்னலோட மேல்கம்பி."

"உன் மிசினு பொய் சொல்லுமா?"

"சில நேரம் சொல்லும். இன்னிக்கு மூணும் ஒண்ணையே சொல்லுது."



"சரி. நீ சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்றேன். வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்தது அலி அஸ்கர் மாமா சொல்லித் தெரிந்தது. உம்மா குடையோடு வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறாள். "இலையை ஏத்திட்டு வாரேன் லாத்தா." "மகன் போன் பண்ணுவான், பேசிட்டு வாரேன்." "ஆறு எங்க வாசலைத் தாண்டினதே இல்ல மாமி, நீங்க பயப்படாதீங்க." ஒன்றரை மணி நேரத்தில் ஏழு வீடுதான் கிளம்பியது. மாலை அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலின் பக்கவாட்டுக் கதவில் போய் நின்று, தனக்கு அண்ணன் முறையான மாமாவைக் கூப்பிட்டாள்.

"காக்கா, மைக்க எடுங்க."

"ரெண்டு தடவை சொல்லிட்டேன் ஜமீலா. தொண்டைதான் வத்திப் போச்சு. ஒருத்தனும் அசையல."

"வெள்ளம்னு சொல்ல வேண்டாம். மவுத்துன்னு சொல்லுங்க."

"யாரு மவுத்து?"

"நான்."

மாமா அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாராம். நனைந்த வெள்ளைத் துப்பட்டி, கம்பி வளைந்த குடை.

"காய்ச்சல் அடிக்குதா உனக்கு?"

"வீட்டுல தண்ணி ஏறுது, அதனால மையத்தை மேட்டு மதரஸாவுக்குக் கொண்டு போயாச்சுன்னு சொல்லுங்க. நம்புவாங்க."

"பள்ளி மைக்குல பொய் சொல்லச் சொல்லுத. முப்பத்தொரு வருசமா இந்த மைக்குல நான் ஒரு வார்த்தை மாத்திச் சொன்னதில்ல."

"பாவம் எனக்கு."

"பாவம் என்ன பஸ் சீட்டா, துண்டு போட்டு நீ பிடிச்சுக்கிட?"

"அப்ப ஆளுக்குப் பாதி."

மாமா யோசித்தார். "வேற யாராவது ஒரு கிழவன் பேரைச் சொன்னா என்ன? ஏற்கெனவே இழுத்துக்கிட்டுக் கிடக்கவன் எவனாவது."

"ஆம்பளை மவுத்துன்னா ஆம்பளைதான் வருவான். பொம்பளை வீட்டுல உக்காந்து இலையைக் காவல் காப்பா. பொம்பளை மவுத்துன்னாதான் பொம்பளை வருவா, பிள்ளையளையும் தூக்கிக்கிட்டு. அடுத்தவ பேரைச் சொன்னா அந்த வீட்டுக்கு ஆகாது. என் பேரைச் சொல்லுங்க. இந்த மூணு தெருவுல எந்த வீட்டு மையத்தை நான் தொடல? எவ எனக்கு வராம இருப்பா?"

செக்கடித்தெருவுக்கும் அது பொருந்தும். அங்கே யாருக்கு முடியாமல் போனாலும் இரவு முழுக்கத் துணைக்கு இருந்தவள் அவள்தான்.

"எப்படி மவுத்தான்னு கேட்டா?"

"வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லுங்க. இந்த மழைக்கு அது பொருத்தமா இருக்கும்."

தொழுகை நேரம் அல்லாத நேரத்தில் மைக்கில் இரண்டு தட்டுக் கேட்டால் எங்கள் ஊரில் யாரும் அடுத்த வேலை செய்ய மாட்டார்கள். அது மவுத்து அறிவிப்பு. மாமா இரண்டு தட்டினார். இன்னா லில்லாஹி ஓதினார். எங்கள் ஊர் வழக்கப்படி பெண்ணின் பெயரை மைக்கில் சொல்வதில்லை. "மர்ஹூம் நூர்முகம்மது அவர்களின் மனைவியும், நஃபீஸத்தின் தாயாருமானவர் மவுத்தாகிவிட்டார்கள். மழையின் காரணமாக மையத்து மேட்டு மதரஸாவில் வைக்கப்பட்டுள்ளது." குரல் நடுங்கியது. துக்கம் என்று ஊர் நினைத்தது.

நஃபீஸத் நான்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக ஒருவர் எல்லா மவுத்து அறிவிப்பையும் பதிவு செய்து குழுவில் போடுவார். 4.43-க்கு அது எனக்கு வந்தது. நான் திரையில் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமாவின் குரலில் என் பெயரைக் கேட்டேன். உம்மாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. பதினாறு தடவை செய்தேன். மழையில் வீடு வீடாக அலைய வைத்தது என் எண்தானே என்று தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை. இருபத்திரண்டு நிமிடம்.

5.05-க்கு அவளே கூப்பிட்டாள்.

"ஏளா, அழாத. நான்தான்."

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"உனக்கு முதல்ல சொல்லியிருக்கணும். மறந்துட்டேன். செத்துப் போறதுக்கு இவ்வளவு வேலை இருக்கும்னு எனக்கென்ன தெரியும்? போனை வேற பையில சுத்தி மதரஸா அலமாரிக்குள்ள வச்சிட்டேன். திட்டணும்னா பெறகு திட்டு. இப்பச் சொல்லு, இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"

திரையைப் பார்த்தேன். மட்டம் ஏறும் வேகம் கூடியிருந்தது.

"ஒண்ணரை மணி நேரம். அதுக்கு மேல இல்ல."

"போதும்," என்றாள்.

மதரஸா வாசலில் ஒரு பெஞ்சைப் போட்டு அவள் உட்கார்ந்திருந்தாள். முதலில் மேடேறி வந்தது செக்கடித்தெரு முத்துராணி அக்கா. மினி பஸ் ஓட்டும் குமரகுருபரன் அண்ணனின் மனைவி. இடுப்பில் கைக்குழந்தை, பின்னால் இரண்டு பிள்ளைகள். மார்பில் அடித்துக்கொண்டே வந்தவள் பெஞ்சைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"மாமி, நீங்க செத்துட்டியன்னு சொன்னாவளே."

"செத்துத்தான் இருக்கேன். உள்ள போயி பிள்ளையளுக்குத் தலையைத் துவட்டு."

"அய்யோ, நான் அடுப்பை அணைக்காம ஓடி வந்துட்டேன் மாமி."

"அடுப்பை ஆறு அணைச்சுக்கிடும். போ."

அடுத்தடுத்து வந்தார்கள். சிலர் அவளைத் திட்டினார்கள். ஒருத்தி கட்டிப்பிடித்து அழுதாள், பிறகு முதுகில் ஓங்கி அடித்தாள். மையத்து வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் பக்கத்து வீட்டார் சாப்பாடும் தேநீரும் கொண்டு போவது வழக்கம். அன்றும் பிளாஸ்க்கோடும் தூக்குவாளியோடும்தான் வந்தார்கள். அந்த இரவு மேட்டில் யாரும் பட்டினி இல்லை. அதை உம்மாவும் யோசிக்கவில்லை. ஆண்கள் அடக்கத்துக்கு என்று வந்தார்கள். குழி வெட்டுபவர் கபர்ஸ்தானில் அரைக் குழி வெட்டிவிட்டுத்தான் உண்மை தெரிந்து மண்வெட்டியோடு ஓடி வந்தார்.

திரும்பிப் போகிறேன் என்று கிளம்பியவர்களும் இருந்தார்கள். உம்மா பெஞ்சை விட்டு எழுந்து சரிவைக் காட்டினாள். அவர்கள் ஏறி வந்தபோது காய்ந்து கிடந்த செக்கடித்தெரு முனையில் அதற்குள் தண்ணீர் நின்றது. அதன் பிறகு யாரும் இறங்கவில்லை. முடியாதவர்களைக் கட்டிலோடு தூக்கி வர மட்டும் இளவட்டங்கள் போனார்கள்.

உம்மா வீடுகளைத் தெரு வரிசைப்படி மனசில் வைத்திருந்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கழித்துக்கொண்டே வந்தாள். ஆறு மணிக்கு அலி அஸ்கர் மாமாவைக் கூப்பிட்டாள்.

"காக்கா, ஒரு வீடு விட்டுப் போச்சு. ஆத்துத்தெரு பதினொண்ணு."

மாமாவுக்கு உடனே புரிந்தது. அர்வா மாமி வீடு. பிள்ளைகள் சவூதியில், தம்மாமில். அவள் தனியாக இருந்தாள். முழங்கால் வாதம் வேறு. ஊரில் எல்லோரையும் வெளியே இழுத்த அதே அறிவிப்பு, ஒரே ஒருத்தியை மட்டும் வீட்டுக்குள் உட்கார வைத்திருந்தது. வரமாட்டேன் என்று சத்தியம் செய்தவள் அவள்.

"நான் போயி கூட்டிட்டு வாரேன்," என்றார் மாமா.

"நீங்க போனா வரமாட்டா. மையத்துக்குக் கூப்பிட ஆள் அனுப்பியிருக்காவன்னு நினைப்பா. நான்தான் போகணும்."

குமரகுருபரன் அண்ணன் பஸ் கூரையில் சாமான் கட்டும் கயிற்றை எடுத்து வந்தார். ஒரு முனையை மேட்டுச் சரிவில் நின்ற வேம்பில் கட்டினார்கள். ஆத்துத்தெரு முனையில் முழங்கால் அளவு தண்ணீர், பதினொன்றாம் வீட்டுக்கிட்ட இடுப்பு அளவு. உம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. நீச்சல் தெரியாது.

அந்த வாசலில் நடந்ததை அர்வா மாமி எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிதான் சொன்னாள், அதனால் நம்புகிறேன்.

மாமி கட்டில் மேல் கட்டிலைப் போட்டு அதில் ஏறி உட்கார்ந்திருந்தாள். அறிவிப்பைக் கேட்டதிலிருந்து அழுதுகொண்டிருந்தாள். போகவும் முடியாது, இருக்கவும் முடியவில்லை. கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"யாரு?"

"ஜமீலா."

பேய் என்று நினைத்து மாமி ஆயத்துல் குர்சி ஓத ஆரம்பித்துவிட்டாள்.

"ஓதி முடிச்சிட்டுக் கதவைத் திற. எனக்குக் கால் வலிக்குது."

"செத்தவ எதுக்கு இங்கன வார?"

"நீ வரலைல்லா. அதான் கூப்பிட வந்தேன்."

மாமி இறங்கித் தண்ணீரில் நடந்து கதவைத் திறந்தாள். உம்மாவின் கையைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது.

"உன் மையத்துக்கு வரமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"நான்தான் உசிரோட நிக்கேனே. மையத்து எங்க இருக்கு? சத்தியம் முறியாது. வா."

"அப்ப மைக்குல சொன்னது?"

"பொய்."

"பள்ளி மைக்குலயா?"

"ஆமா."

"நீயா சொல்லச் சொன்ன?"

"ஆமாங்கேன். நடுத் தண்ணியில நிக்க வச்சு விசாரிக்கியே, நீ என்ன கோர்ட்டா?"

மாமி சிரித்துவிட்டாள். பதினொரு வருடத்துக்குப் பிறகு அவர்கள் பேசிய முதல் பேச்சு இதுதான். குமரகுருபரன் அண்ணன் மாமியைத் தோளில் ஏற்றிக்கொண்டார். உம்மா கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்தாள். தெரு முனையில் ஒரு இழுப்பு வந்து அவள் கால் நிலையிழந்தது. பின்னால் தோள் மேலிருந்த மாமி எட்டி அவள் துப்பட்டியைப் பிடித்தாள். விடவில்லை. வேம்பு வரைக்கும் விடவில்லை.

6.20-க்கு டவர் போனது. அதன் பிறகு எனக்கு எதுவும் தெரியாது. கருவிகளும் ஒவ்வொன்றாக நின்றன. செவ்வாய்க்கிழமை மதியம் வரை நான் வீட்டில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். ரயில் இல்லை. மதியம் 12.35-க்குத் தெரியாத எண்ணிலிருந்து போன்.

"எழுநூத்தி முப்பத்தொண்ணு," என்றாள் உம்மா. "நீ எண்ணுதான் கேப்பன்னு எண்ணி வச்சிருக்கேன். மூணு தெருவுக்கும் எழுநூத்தி முப்பத்தொண்ணு பேரு. எல்லாரும் இருக்காவ."

நாற்பத்தொரு வீடுகள் விழுந்திருந்தன. ஆத்துத்தெரு பதினொன்று அதில் ஒன்று. எங்கள் வீடு நின்றது. நான் ஊருக்குப் போனபோது சேறு எது வரை படிந்திருக்கிறது என்று பார்த்தேன். ஜன்னலின் மேல்கம்பிக்கு மூன்று விரல் மேலே. மூன்று விரல் என் கணக்கில் பிழை.

அலி அஸ்கர் மாமா அடுத்த வெள்ளிக்கிழமை தானாகவே எழுந்து, பள்ளி மைக்கில் பொய் சொன்னேன், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஜமாஅத் தலைவர், "நீரு பொய் சொல்லலைன்னா இந்தக் கூட்டத்துக்கு ஆளு எங்கவே இருக்கும்? உக்காரும்," என்றார்.

உம்மாவுக்கு அது போதவில்லை. எல்லோரையும் பதறவிட்டாள் அல்லவா. நூற்று எண்பத்தாறு வீட்டுக்காரர்களையும் அவர்கள் தங்கியிருந்த இடங்களுக்குத் தேடிப் போய்ப் பொருத்தம், அதாவது மன்னிப்பு, கேட்டாள். முத்துராணி அக்கா, "நீங்க பொய் சொல்லாம இருந்திருந்தா நான் இப்ப எங்கன இருந்து மன்னிக்க மாமி?" என்று கேட்டாளாம். "அதெல்லாம் தெரியாது, வாயால சொல்லு," என்றாள் உம்மா. சொன்ன பிறகுதான் அடுத்த வீட்டுக்குப் போனாள்.

என்னிடம் மட்டும் உடனே கேட்கவில்லை. கடைசியாக, நான் சென்னைக்குக் கிளம்பும்போது பஸ் ஸ்டாப்பில் கேட்டாள். "அந்த இருபத்திரண்டு நிமிசத்துக்கு." கொடுத்தேன் என்றேன்.

மறு வருடம் மழைக்கு முன் படித்துறையில் ஒரு இரும்புக் கம்பம் நட்டேன். அதில் மீட்டர் எழுத வேண்டாம் என்றாள் உம்மா. அவள் சொன்னபடி மூன்று கோடு: வாசல்படி, ஜன்னல் கீழ்கம்பி, ஜன்னல் மேல்கம்பி. என் கருவியின் எண் இப்போது அந்த மூன்று சொல்லாகத்தான் மாமாவின் போனுக்குப் போகிறது. அந்த அக்டோபரில் "வாசல்படி" என்று ஒருமுறை வந்தது. மாமா மைக்கில் சொன்னார். ஐம்பது நிமிடத்தில் மூன்று தெருவும் மேட்டில் இருந்தது. தண்ணீர் வரவில்லை. யாரும் என்னைத் திட்டவில்லை. மேட்டில் உட்கார்ந்து பீடி சுற்றிவிட்டு இறங்கிப் போனார்கள்.

அர்வா மாமி வீடு கட்டி முடியும்வரை எட்டு மாதம் எங்கள் வீட்டில் இருந்தாள். இருவரும் தினமும் சண்டை போட்டார்கள், தேநீருக்குச் சீனி எவ்வளவு என்பதிலிருந்து. சத்தியத்தை மட்டும் மாமி விடவில்லை. "இப்ப இருக்கிறவரைக்கும் இருக்கேன். மையத்துக்கு வரமாட்டேன், சொல்லிட்டேன்," என்பாள். "வராட்டி நானே வந்து கூப்பிடுவேன், உனக்குத் தெரியும்லா," என்பாள் உம்மா.

2025 ஜூனில் உம்மாவின் சிறுநீரகம் இரண்டும் பழுது என்று தெரிந்தது. பாளையங்கோட்டையில் பதினொரு நாள் ஆஸ்பத்திரி. நான் கூடவே இருந்தேன். திரையில் ஓடிய எண்களை எல்லாம் எனக்கு வாசிக்கத் தெரியும். அது உதவவில்லை. கடைசி வாரம் வீட்டுக்குப் போகணும் என்றாள். கூட்டி வந்தோம்.

ஜூலை 10. வெயில். மேற்கே சாரல் என்றார்கள், எங்கள் ஊரில் ஒரு துளி இல்லை. மாமா இரண்டு தட்டினார். "நூர்முகம்மது அவர்களின் மனைவியும் நஃபீஸத்தின் தாயாரும்" என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். பிறகு ஊரில் முதல்முறையாக மைக்கில் ஒரு பெண்ணின் பெயர் வந்தது. "ஜமீலா பீவி," என்றார். "இது உண்மை," என்றார்.

வந்தார்கள். மூன்று தெருவும் வந்தது. முத்துராணி அக்கா ஒரு கட்டைப்பையோடு வந்தாள். ரேஷன் கார்டு, ஆதார், வீட்டுப் பத்திரம், பிள்ளைகளுக்கு மாற்றுடுப்பு. நான் பையைப் பார்த்ததைப் பார்த்துவிட்டாள்.

"மழை இல்லைன்னு தெரியும்," என்றாள். "ஆனா மாமி மவுத்துன்னா கை தானா எடுத்துட்டு." அவள் மட்டுமில்லை. எங்கள் வீட்டுச் சுவரோரம் நான் எண்ணியவரை முப்பத்தெட்டுப் பைகள் இருந்தன. அன்று முதல்முறையாகச் சிரித்தேன். பிறகு அழுதேன்.

குளிப்பாட்ட யார் என்று கேள்வி வந்தது. ஊரில் அந்த வேலை தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பக்கத்து ஊருக்கு ஆள் அனுப்பலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வாசலில் பேச்சு நின்றது. அர்வா மாமி கம்பை ஊன்றிக்கொண்டு படியேறி வந்தாள். யாரும் வழிவிடச் சொல்லவில்லை, வழி விட்டார்கள்.

"சத்தியம்?" என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள்.

"முறிச்சுட்டேன்," என்றாள். "அதுக்கு மூணு நோன்பு வைக்கணும். வச்சுக்கிடுதேன். தண்ணி காஞ்சுட்டா?"

எட்டு மாதம் ஒரே வீட்டில் இருந்தவள், உம்மா கூப்பிட்டுப் போன இடங்களுக்கெல்லாம் துணைக்குப் போய், வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். என்னையும் உள்ளே வரச் சொன்னாள். திரை போட்டார்கள். மாமி செம்பில் மொண்டு தன் மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விடச் சொன்னாள். மறுபடி ஊற்றிப் பார்த்தாள்.

முதலில் நகை. இத்தா முடிந்து உம்மா மறுபடி போட்டுக்கொண்ட ஒரே நகை அந்த மூக்குத்திதான். மாமி குனிந்தாள்.  நான் அலமாரியைப் பார்த்தேன். பிளையர் அங்கேதான் இருந்தது.

தேவைப்படவில்லை. மாமி திருகைத் தொட்டாள். அரைச் சுற்றுதான் சுற்றினாள். எண்ணெய்ப் பிசுக்கோடு அது கழன்று அவள் விரலில் வந்து நின்றது.

மாமி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நான் வியாழக்கிழமைகளைப் பற்றிச் சொன்னேன். அவள் என் உள்ளங்கையில் மூக்குத்தியை வைத்து மூடிவிட்டு, உம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"கையைத் தூக்குதேன் பிள்ளே," என்றாள்.